கிட்டி எங்கே கற்றுக்கொண்டாள்?

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா முதல் நாள் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

“அய்யா எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பாங்க தம்பி?”

அப்பாவைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. எந்தத் தேதி ஸ்கேனில் கட்டி எத்தனை சென்டிமீட்டர், போன வாரம் ஹீமோகுளோபின் எவ்வளவு, நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை, அதனால் வரும் மலச்சிக்கலுக்கு ராத்திரி என்ன மருந்து என்று எல்லாமே ஒரு கூகுள் ஷீட்டில் இருந்தது. மூன்று நிறங்கள், எட்டுத் தாள்கள். பெங்களூரில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது திருநெல்வேலியில் ஒரு மாத்திரை தவறினால் என் ஃபோன் அதிரும். அந்த ஷீட்டைப் பார்த்து ஒரு டாக்டர் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, சத்தியமாக.

எந்தப் பக்கம் படுப்பார் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். “இடது பக்கம். ஃபேன் காத்து மூஞ்சில அடிச்சா அவங்களுக்குப் புடிக்காது.”

அப்பா போய் ஏழெட்டு மாதம் கழித்து ‘அன்னா கரீனினா’வைத் திரும்ப எடுத்தேன். கல்லூரி நாட்களில் நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பில் படித்தது. அப்போது எனக்கு அன்னாவும் விரோன்ஸ்கியும் ரயிலும்தான் நாவல். லெவின் வரும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். ஹாஸ்டலில் எவனுக்குப் புல் அறுப்பதில் அக்கறை? இந்த முறை ஐந்தாம் பாகத்தில், லெவினின் அண்ணன் நிக்கொலாய் சாகும் அத்தியாயங்களில் வந்து நின்றுவிட்டேன். இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட இந்த நாவலில் தலைப்பு வைக்கப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ‘மரணம்’ என்று. அந்தத் தலைப்புக்கு முந்தைய சில அத்தியாயங்களில்தான் எனக்கு வேண்டியது இருந்தது.

நாவலை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லெவினுக்கும் கிட்டிக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். நிக்கொலாய் காசநோய் முற்றி, ஒரு சிறு நகரத்து ஹோட்டலில் செத்துக்கொண்டிருக்கிறான் என்று கடிதம் வருகிறது. எழுதியவள் அவனோடு வாழும் மார்யா நிக்கொலாயெவ்னா. முன்பு ஒரு விலைமகளிர் விடுதியில் இருந்தவள். தன் மனைவி அப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதா என்று லெவினுக்குத் தயக்கம். சண்டை வருகிறது. கிட்டி விடாப்பிடியாகக் கிளம்பிவிடுகிறாள். அந்த ஹோட்டலோ புது நாகரிகப் பாணியில் கட்டப்பட்டு, அந்த நாகரிகத்தாலேயே இன்னும் கேவலமாக அழுக்கடைந்த ஒன்று.

லெவின் அண்ணனின் அறைக்குள் போகிறான். நாற்றம், அழுக்கு, முனகல். அவனால் அங்கே நிற்க முடியவில்லை. இங்கே டால்ஸ்டாய் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். அந்தப் போர்வைக்குள் உடம்பு எப்படிக் கிடக்கிறது, மெலிந்த கால்கள் எப்படி மடங்கியிருக்கின்றன, முதுகு எப்படி வளைந்திருக்கிறது, அதையெல்லாம் கொஞ்சம் மாற்றி வைத்தால் துன்பம் கொஞ்சமாவது குறையுமா என்று பார்க்க லெவினுக்குத் தோன்றவே இல்லை. அந்த விவரங்களை நினைத்தாலே அவன் முதுகில் குளிர் ஓடுகிறது. உயிரை நீட்டவும் முடியாது, வலியைக் குறைக்கவும் முடியாது, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறான்.

இந்த ‘ஆகவே’ எனக்கு நன்றாகப் பழக்கமானது. எங்கள் தொழிலில் சரிசெய்ய முடியாத பிழை என்று தெரிந்ததும் ‘வோன்ட் ஃபிக்ஸ்’ போட்டு டிக்கெட்டை மூடிவிடுவோம். மூடிய பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. லெவின் அண்ணனின் டிக்கெட்டை மூடிவிட்டான். ஆனால் அறையை விட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போகிறான், உடனே திரும்பி வருகிறான். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன்.

கிட்டி உள்ளே வருகிறாள். டாக்டருக்கு ஆள் அனுப்புகிறாள், மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறாள். கூட வந்த வேலைக்காரப் பெண்ணையும் மார்யாவையும் சேர்த்துக்கொண்டு அறையைப் பெருக்கி, தூசி தட்டி, கழுவச் செய்கிறாள். தானும் எதையோ துவைக்கிறாள். போர்வைக்கு அடியில் எதையோ சொருகுகிறாள். வழியில் எதிர்ப்படுகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் தன் அறைக்குப் போய்ப்போய் விரிப்பு, தலையணை உறை, துண்டு, சட்டை என்று கொண்டு வருகிறாள். கீழே பொது அறையில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும் பணியாளைப் பலமுறை மேலே கூப்பிடுகிறாள். அவன் கோபமாக வருகிறான், ஆனால் அவள் கேட்கும் விதத்தில் மறுக்க முடியவில்லை. அவன் யாருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான் என்பதையும் டால்ஸ்டாய் சொல்கிறார்: இன்ஜினியர்களுக்கு. மேலே ஒருவன் செத்துக்கொண்டிருக்க, கீழே சூப் ஏன் இன்னும் வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும் இன்ஜினியர்கள்! இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

லெவின் திரும்பி வரும்போது சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு துருத்திய நீண்ட வெள்ளை முதுகு தெரிகிறது. சட்டைக் கைக்குள் நிக்கொலாயின் கையை நுழைக்க முடியாமல் மார்யாவும் பணியாளும் திணறுகிறார்கள். கிட்டி அந்தப் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்துகிறாள். அவன் முனகியதும் போய், பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கையைச் சரிசெய்கிறாள். இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தொடுகிறாள், ஆனால் பார்ப்பதில்லை. அவனுடைய கூச்சமும் ஒரு வலி என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் பைக்குள் இருக்கும் ஒரு சிறு குப்பியை எடுத்து வரச் சொல்லி லெவினை அனுப்புகிறாள். அவன் திரும்பி வரும்போது அறையே மாறியிருக்கிறது. நாற்றம் போய், வாசனை கலந்த வினிகரின் மணம். கிட்டி கன்னங்களை உப்பி ஒரு சிறு குழாய் வழியாக அதை ஊதிக்கொண்டிருக்கிறாள். கட்டிலருகே ஒரு விரிப்பு. மேஜையில் தண்ணீர், மருந்து, அவளுடைய பூத்தையல். உயர்த்தி வைத்த தலையணைகளில், தலை வாரி, சுத்தமான சட்டையோடு நிக்கொலாய்.

நோயோடு எந்த வாக்குவாதமும் இல்லை. காசநோய் அப்படியே இருக்கிறது. மூக்குக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று அவள் வேலை செய்திருக்கிறாள், அவ்வளவுதான்.

* * *

இந்த அத்தியாயங்களைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் பாராட்டு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: பெண்ணின் இயல்பான கருணை. டால்ஸ்டாயே அந்த வழியைக் காட்டுகிறார். கிட்டியின் பெண்மனதில் இரக்கம் அருவருப்பாக மாறாமல் செயலாக மாறியது என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் லெவின் யோசிக்கிறான். அறிவாளிகளுக்கு மறைக்கப்பட்டது குழந்தைகளுக்குத் தெரிகிறது என்ற பொருளில் வரும் சுவிசேஷ வரி அவனுக்கு நினைவு வருகிறது. சாவைப் பற்றி எத்தனையோ பெரிய மூளைகளின் எழுத்துக்களைத் தான் படித்திருக்கிறோம். கிட்டிக்கும் வீட்டு நிர்வாகிக் கிழவி அகாஃப்யாவுக்கும் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியவில்லையே என்று நினைக்கிறான். இது வெறும் விலங்குணர்ச்சி அல்ல, ஏனென்றால் உடம்பைக் கவனிப்பதோடு நிற்காமல் பாவமன்னிப்பும் திருவிருந்தும் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறான். ஆக ஒன்று பெண்மனம், அல்லது விசுவாசம். இரண்டுமே லெவினிடம் இல்லை. அதனால் அவன்மேல் தப்பும் இல்லை.

எனக்கு இந்த இடம் வசதியாக இருந்தது. இவ்வளவு வசதியாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. முன்பக்கங்களுக்குத் திரும்பினேன்.

இரண்டாம் பாகம். விரோன்ஸ்கியிடம் ஏமாந்து நோயில் விழுந்த கிட்டியை ஜெர்மனியில் ஒரு மருத்துவ நீரூற்று ஊருக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே வாரென்கா என்ற பெண்ணைப் பார்க்கிறாள். யாருக்கு முடியவில்லையோ அவர்களிடம் போய், பேச்சில்லாமல், வேலையைச் செய்துவிட்டு வருகிறவள். கிட்டி அவளைப் பார்த்துப் பார்த்துப் பழகுகிறாள். நோயாளிகளிடம் போகிறாள். பெத்ரோவ் என்ற நோயாளி ஓவியரைக் கவனித்துக்கொள்ளப் போய், அவர் இவள்மேல் மயங்கி, அவர் மனைவி மனம் நோக, எல்லாம் கோணலாகிறது. நான் செய்ததெல்லாம் பாசாங்கு, இது நெஞ்சிலிருந்து வரவில்லை என்று அழுதுவிட்டு ஊர் திரும்புகிறாள். மோசமான முதல் முயற்சி. எங்கள் பாஷையில் சொன்னால், ப்ரொடக்ஷனில் விழுந்த முதல் ரிலீஸ்.

இதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே இருக்கிறது. அதே ஊரில் உயரமான, கூன் விழுந்த, குட்டையான பழைய கோட்டு போட்ட ஒரு ரஷ்யரும், முகத்தில் அம்மைத் தழும்புள்ள ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அவர் டாக்டரோடு சண்டை போடுகிறார். இடையில் புகுந்து அவரை அழைத்துப் போகிறவள் வாரென்கா. அவர் யார் என்று கிட்டிக்குத் தெரிய வருகிறது: நிக்கொலாய் லெவின். தான் கல்யாணத்துக்கு மறுத்துவிட்ட லெவினின் அண்ணன். கழுத்தை வெட்டி வெட்டி இழுக்கும் அவரைப் பார்த்தாலே கிட்டிக்குத் தாங்க முடியாத அருவருப்பு. விலகிப் போகிறாள்.

அதே ஆள். அதே கிட்டி. ஐந்தாம் பாகத்தில் ஹோட்டல் அறைக்குள் வந்ததும் அவள் அவனிடம் முதலில் நினைவுபடுத்துவதே அந்த ஊரில் பார்த்ததைத்தான். டால்ஸ்டாய் முடிச்சைத் தன் கையாலேயே போட்டுவிட்டு, விளக்கம் சொல்லும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறார். பெண்மனதில் இரக்கம் அருவருப்பாக மாறாது என்றால் இரண்டாம் பாகத்தில் அது என்னவாக இருந்தது? இடையில் கிட்டி கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒருத்தியைப் பார்த்து, செய்து, சொதப்பி, வெட்கப்பட்டு.

டால்ஸ்டாயின் கண் ஒன்று சொல்கிறது, அவருடைய கருத்து வேறொன்று சொல்கிறது. இப்படி வரும்போது நான் கண்ணைத்தான் நம்புவேன்.

அந்தக் கண் எங்கே பயின்றது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1856இல் டால்ஸ்டாயின் அண்ணன் திமீத்ரி ஒரியோல் நகரத்தில் காசநோயில் செத்தார். மாஷா என்ற பெண் கூட இருந்தாள். விலைமகளிர் விடுதியிலிருந்து அவர் மீட்டுக் கொண்டுவந்தவள். பார்த்துக்கொண்டவள் அவள்தான். பீட்டர்ஸ்பர்க்கில் புதுப் புகழோடு திரிந்துகொண்டிருந்த தம்பி லியோ வந்தார், பார்த்தார், சாவுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். அந்த நாட்களில் தான் எவ்வளவு கேவலமாக இருந்தேன் என்று வயதான காலத்து நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1860இல் இன்னொரு அண்ணன், நிக்கொலாய், பிரான்சின் தென்கரையில் அதே நோயில் செத்தபோது லியோ கூடவே இருந்தார். ஒரு சாவிலிருந்து ஓடினார், அடுத்ததில் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடங்களுக்கு மேல் கழித்து இந்த அத்தியாயங்கள். எழுதியவரே கற்றுக்கொண்டவர்தான். ஆனாலும் அறிவாளிகளுக்கு இது மறைக்கப்பட்டது என்கிறார்!

* * *

கெராசிமைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1886இல் வந்த ‘இவான் இலியிச்சின் மரணம்’ பற்றி நம் இணையத்தில் ஏகப்பட்ட கட்டுரைகள். எல்லாவற்றிலும் கெராசிம் ஒரு ‘தூய ஆன்மா’. நானே ஒரு தடவை அப்படி எழுதியிருக்கிறேன். லிங்க் தேட வேண்டாம்.

திரும்பப் படித்தால் அங்கே நடப்பது வேறு. நீதிபதி இவான் இலியிச்சின் மலச்சட்டியை எடுக்க வருகிறவன் கெராசிம். தார் பூசிய பூட்ஸின் வாசனையும் வெளியே உள்ள குளிர்காலக் காற்றின் வாசனையும் அவனோடு உள்ளே வருகின்றன. சாவு நாறும் அறைக்குள் அந்த வாசனையே ஒரு மருந்து என்பதை டால்ஸ்டாய் சொல்லாமல் சொல்கிறார். இவான் இலியிச் எழ முடியாமல் நாற்காலியில் விழுந்து கிடக்கிறார். தூக்கி சோஃபாவில் உட்காரவைக்கச் சொல்கிறார். கால்களுக்குக் கீழே ஒரு நாற்காலி போடச் சொல்கிறார். போடுவதற்காகக் கெராசிம் கால்களைத் தூக்கியபோது வலி குறைந்த மாதிரி இருக்கிறது. இறக்கியதும் கூடுகிறது. தலையணை வைத்துப் பார்க்கிறார்கள். மறுபடி தூக்கிப் பார்க்கிறார்கள். வேலை இருக்கிறதா என்று எஜமானர் கேட்கிறார்; நாளைக்கு விறகு வெட்டுவது மட்டும்தான் பாக்கி என்கிறான் அவன். அப்படியானால் இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொள்ள முடியுமா? கடைசியில் கால்கள் கெராசிமின் தோளுக்கு வருகின்றன. பிறகு சில இரவுகள் முழுக்க.

இது ஆன்மாவின் தூய்மை அல்ல, பரிசோதனை. இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எது வலியைக் குறைக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். நோயாளி சொல்கிறார், பார்த்துக்கொள்கிறவன் கேட்கிறான். அதே வீட்டுக்கு வந்துபோகும் பெரிய டாக்டர்கள் கேட்காதது இதைத்தான். சிறுநீரகமா குடல்வாலா என்பது அவர்களுடைய வழக்கு. இவான் இலியிச் நீதிமன்றத்தில் குற்றவாளிகளிடம் காட்டிய அதே முகத்தை டாக்டர்கள் இப்போது அவரிடம் காட்டுகிறார்கள்.

கெராசிம் சம்பளத்துக்கு இருக்கும் வேலைக்காரன். முடியாது என்று சொல்லும் இடத்தில் அவன் இல்லை. அவன் தோள் வலித்ததா என்று கதையில் யாரும் கேட்கவில்லை. டால்ஸ்டாயும் கேட்கவில்லை. இது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. அவனைப் புனிதராக்கிவிட்டால் தோள்வலி கணக்கில் வராது.

* * *

அப்பாவைப் பார்த்துக்கொண்ட அக்காவைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னோம். கைராசிக்காரி. தெய்வம் மாதிரி வந்திருக்கா. நானும் ஒருநாள், பாராட்டுவதாக நினைத்து, “உங்களுக்கு இதெல்லாம் இயல்பாவே வருதுக்கா” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“இயல்பா எல்லாம் வரல தம்பி. முதல்ல போன வீட்ல பெட்பேனைக் கொட்டிட்டு பாத்ரூம்ல நின்னு அழுதிருக்கேன். மலையாளத்து சிஸ்டர் ஒருத்தங்க ரெண்டு மாசம் கூடவே வச்சு சொல்லிக் குடுத்தாங்க. கத்துக்கிட்டதுதான்.”

அதன் பிறகுதான் அவர் செய்வதைக் கவனிக்க ஆரம்பித்தேன். தொடும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். என்ன செய்யப் போகிறார் என்பதைச் செய்யும் முன் சொல்வார்: “அய்யா, இடது கையத் தூக்கப் போறேன்.” அப்பா பதில் பேச முடியாமல் போன பிறகும் சொன்னார். உடம்பு துடைக்கும்போது முழுக்கப் போர்த்திவிட்டு, துடைக்கும் பகுதியை மட்டும் திறப்பார். கிட்டி கதவைச் சாத்தியது இதற்குத்தானே. கடைசி வாரம் அப்பாவால் விழுங்க முடியவில்லை. நான் டிரிப்ஸ் போடலாமா என்று யார் யாரிடமோ ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கிக்கொண்டிருந்தார், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒருநாள் தண்ணீருக்குப் பதில் ஃபில்டர் காபியில் நனைத்தார். அப்பாவின் நாக்கு பஞ்சைத் தேடி வெளியே வந்தது. அது என் ஷீட்டில் எந்த நிறத்துக்குள்ளும் வராது.

இதெல்லாம் கற்றுக்கொடுக்கக்கூடியது என்பதற்கு மருத்துவ வரலாறே சாட்சி. லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு, முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயதில்தான் டாக்டர். உடம்பு, மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் சாகிறவரின் வலி என்று சொல்லி அதற்கு ‘முழு வலி’ என்று பெயர் வைத்தவர். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரிக்கும் இடத்தில்தான் அவருடைய வேலை தொடங்கியது, லெவினின் ‘ஆகவே’ முடிகிற இடத்தில். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணி பார்த்து மார்ஃபின் கொடுக்கும் முறையை, அவர் டாக்டர் ஆவதற்கு முன் மாலை நேரங்களில் தொண்டு செய்யப் போன செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அதனால் என் கூகுள் ஷீட்டை முழுக்கக் கேலி செய்யவும் மாட்டேன். அந்த நாலு மணி நேரக் கணக்குக்குப் பின்னாலும் கட்டிலருகில் நின்ற யாரோ இருக்கிறார்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் ஜாய்ஸ் சிமார்ட் என்ற சமூகப் பணியாளர் 2003இல் தொடங்கிய ‘நமஸ்தே கேர்’. மறதிநோய் முற்றி, பேச்சும் போய், சாவை நோக்கி இருப்பவர்களுக்கானது. அமைதியான ஓர் அறை, மெல்லிய இசை, லாவெண்டர் மணம், வெதுவெதுப்பான துணியால் முகம் துடைப்பது, கைக்கும் காலுக்கும் கிரீம் தடவுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பிடித்த ஏதாவது ருசி. பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் வந்தது. நம்மூர் வணக்கத்தை எடுத்து நமக்கே விற்கப் போகிறார்களா என்று. பிறகு யோசித்தால், அதிலுள்ள முக்கியமான விஷயம் பெயரல்ல. தினமும், குறித்த நேரத்தில், சாதாரணப் பராமரிப்புப் பணியாளர்களைக் கொண்டே செய்கிறார்கள். யாருக்கோ தற்செயலாக வாய்த்த கைராசிக்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை. லாவெண்டர் பிடிக்காதவர்களும் இருப்பார்கள், தொட்டால் சுருங்குகிறவர்களும் இருப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். அப்பாவுக்கு ஊதுபத்தி வாசனை ஆகாது. காபி.

* * *

நாவலில் கிட்டி வருவதற்கு முன்னால் நிக்கொலாயைப் பார்த்துக்கொண்டது யார்? மார்யா நிக்கொலாயெவ்னா. குடிகாரன், கோபக்காரன், அவளை அடிக்கடி துரத்திவிடுகிறவன். அவனோடு அந்த நாறும் அறையில் இருந்தவள் அவள். கடிதம் எழுதியவள் அவள். ஆனால் கிட்டி வந்ததும் டால்ஸ்டாய் அவளை ஓரத்தில் நிறுத்திவிடுகிறார். சட்டைக் கையில் திணறுகிறாள், ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னால் பயமாக இருக்கிறது என்கிறாள். கிட்டிக்கு விரிப்பும் வாசனையும் ஆட்களும் கொண்டுவர வசதி இருந்தது. மார்யாவுக்கு என்ன இருந்தது?

ஆனால் ‘மரணம்’ அத்தியாயத்தில் டால்ஸ்டாயின் கண் மறுபடியும் அவருடைய கருத்தை மீறுகிறது. இன்றைக்குப் போய்விடுவார் என்று லெவினிடம் முதலில் சொல்கிறவள் மார்யாதான். எப்படித் தெரியும் என்று கேட்டால், அவர் தன்னையே பற்றிப் பற்றி இழுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தன் கம்பளி உடையின் மடிப்புகளை இழுத்துக் காட்டுகிறாள். சாகும் தறுவாயில் கைகள் போர்வையையும் உடையையும் கொத்திக் கொத்தி இழுப்பது பழைய மருத்துவ நூல்களிலேயே உள்ள அடையாளம். அந்த அறையில் இருந்த டாக்டரோ பாதிரியாரோ லெவினோ கிட்டியோகூட அதை முதலில் சொல்லவில்லை. யாரும் மதிக்காத ஒருத்தி சொன்னாள். அவளுக்கும் அது எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது, எங்கிருந்து என்று நாவலில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த அக்கா வந்த முதல் வாரம் அவருக்கு அம்மா தனி டம்ளர் வைத்திருந்தாள். பின்வாசல் திண்டில். அப்பாவின் மலம் துடைக்கலாம், அப்பாவின் வாயில் பஞ்சு வைக்கலாம், ஆனால் அலமாரியில் உள்ள டம்ளரை எடுக்கக் கூடாது. நான் பார்த்தேன். அப்பாவுக்கு முடியாத நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம் என்று சும்மா இருந்தேன். ரெண்டாவது வாரம் அது தானாகவே மாறியது, நான் எதுவும் செய்யவில்லை. மாஷாவோ மார்யாவோ தன் மனைவியின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று லெவின் நினைத்ததைப் படித்து எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை? சாகிறவரைத் தொடும் கை வேண்டும், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்கு ‘தெய்வம்’ என்ற சொல் ரொம்ப உபயோகமானது. தெய்வத்துக்குச் சம்பளம் உயர்த்திக் கேட்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லீவும் வேண்டாம்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தது. கேட்டு வாங்கியிருந்தார்.

நாவலில் ஒரு சின்ன இடம், பலரும் வேகமாகக் கடந்துபோவது. நிக்கொலாய் ஏதோ முனகுகிறான், தன்னைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்கிறான் என்று கிட்டிக்கு மட்டும் புரிகிறது. அவன் எப்போதும் அந்தப் பக்கம்தான் தூங்குவான் என்கிறாள். தன்னால் தூக்க முடியாது. மார்யாவுக்குப் பயம். லெவினிடம் சொல்கிறாள். போர்வைக்கு அடியில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தானோ அங்கேயே அவன் கையை விட்டு அண்ணனைத் தூக்குகிறான். வற்றிப்போன அந்த உடம்பின் விசித்திரமான பாரம் அவனைத் திடுக்கிடவைக்கிறது. அவன் திருப்பும் நேரத்தில் கிட்டி தலையணையைப் புரட்டித் தட்டி, நெற்றிப்பொட்டில் ஒட்டிய முடியைச் சரிசெய்கிறாள். அறிவாளிகளுக்கு மறைக்கப்பட்டது என்று அன்றிரவு யோசிக்கப்போகும் அதே லெவின், அன்று பகலில் அதைச் செய்துவிட்டான். செய்யச் சொல்லி ஒருத்தி இருந்தாள், செய்தான். யோசிக்கும்போது அது அவனுக்கு நினைவில்லை.

அப்பாவின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு. அக்கா லீவு. அம்மா குளிக்கப் போயிருந்தாள். அப்பா படுக்கையில் கீழே சரிந்து, கழுத்து ஒரு மாதிரி மடங்கிக் கிடந்தார். முதுகுக்கு அடியில் குறுக்கே ஒரு துணி விரித்து, அதைப் பிடித்து இழுத்தால் ஆளை மேலே நகர்த்தலாம், தோலும் உரியாது என்று அக்கா காட்டிக்கொடுத்திருந்தார். துணியைப் பிடித்து இழுத்தேன், வந்தார். இடது பக்கம் திருப்ப வேண்டும். தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தேன். நாற்பது கிலோகூட இருந்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பாரம்... டால்ஸ்டாய் சொல்வது சரிதான்.

அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார். “கை சில்லுன்னு இருக்குடா.”

மறந்துவிட்டேன். கையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.